அம்மா முட்டி வலிக்கு நரம்பு ஊசி: போட்டவங்க யாராவது இருக்கீங்களா?

தென்காசிப் பொண்ணு:
அம்மாவுக்கு 68 வயசு. ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சு. படி இறங்கறதுதான் பெரும்பாடு, கம்பியைப் பிடிச்சு பக்கவாட்டுலதான் இறங்குவாங்க. மூட்டு மாத்தற ஆபரேஷன்னு பேச்செடுத்தாலே, "இந்தக் காலோடயே கட்டை வேகட்டும்"ங்கறாங்க. வலி டாக்டர் ஒருத்தர், முதல்ல நரம்பு மரத்துப்போற ஊசி, அது கேட்டா ரேடியோ அலை வச்சு நரம்பைச் சுடலாம்னு சொல்றார். சுட்டா கால் விளங்காமப் போயிடாதா? சுகர் வேற இருக்கு.

நர்ஸக்கா:
வலி கிளினிக்ல வேலை பார்த்தவ நான். பயப்படாதேம்மா. அவங்க குறி வைக்கறது முட்டியோட வலியைக் கடத்தற ஜெனிகுலர் நரம்புக் கிளைகளை. வழக்கமா 3 இடம்: மேலே ரெண்டு பக்கமும், கீழே உள்பக்கமும். கீழே வெளிப்பக்கத்தைப் பெரும்பாலும் விட்டுடுவாங்க, பாதத்தைத் தூக்கற நரம்பு அங்க பக்கத்துல ஓடுது. ஸ்கேன்லயோ எக்ஸ்ரேலயோ பார்த்துதான் ஊசி இறக்கணும்.

முதல் ஊசி வைத்தியம் இல்ல, சோதனை. மருந்து சில மணி நேரம்தான் நிக்கும். நிறையப் பேர் வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்துட்டு "வலியே இல்ல"ம்பாங்க. படுத்திருந்தா எந்த முட்டி வலிக்கும்? கால் கனமா, தள்ளாட்டமா இல்லேன்னா அம்மாவை நடக்க விடு, அதே படியில இறங்கச் சொல்லு, நீ கூடவே நில்லு. வலி பத்துக்கு எத்தனைன்னு முன்னாடியும் அப்புறமும் எழுதி வை. பாதியாவது குறையலேன்னா சுடறதுக்குப் பணம் கட்டாதே.

கோவைக்காரன்:
எங்க அத்தைக்குச் சுட்டாங்க. அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மொதல்ல கொஞ்ச நாள் வலி கூடிப்போய் எங்களைத் திட்டாத திட்டில்ல. அப்புறம் மார்க்கெட்டுக்கே நடந்து போனாங்க. வருஷம் திரும்பறதுக்குள்ள வலி மறுபடி வந்திருச்சு.

நர்ஸக்கா:
வரும். சுட்ட நரம்பு திரும்ப வளரும். பல பேருக்கு 6 மாசம், சிலருக்கு ஒரு வருஷம் தாங்கும். தேவைன்னா மறுபடி சுடலாம். தேய்மானம் என்னவோ அப்படியேதான் இருக்கும். அதனால வலி இல்லாத மாசங்கள்ல தொடைத் தசைக்குப் பயிற்சி செய்ய வைக்கணும், அதைத்தான் யாரும் செய்யறதில்ல. ஊசியில ஸ்டீராய்டு கலப்பாங்களான்னு கேட்டுக்கோ. கலந்தா சில நாள் சுகர் ஏறும்.

தென்காசிப் பொண்ணு:
ரொம்ப நன்றிக்கா. அம்மாவுக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு, ரத்தம் உறையாம இருக்க குளோபிடோக்ரெல் மாத்திரை போடறாங்க. ஊசிக்கு முன்னாடி நிறுத்தணுமா?

நர்ஸக்கா:
நீயா நிறுத்திடாதே! இதய டாக்டரும் வலி டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். பேஸ்மேக்கர் இருந்தா அதையும் முன்கூட்டியே சொல்லிடு, சுடற மெஷினுக்கு அது முக்கியம்.