இனுயிட் குல்லிக் விளக்கைச் சிற்பம் என்று சொல்லலாமா?

கேள்வி:
மாக்கல்லில் செதுக்கப் பழகிவருகிறேன். வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் கற்சிற்பம் என்று தேடினால் கரடியும் சீல் என்ற கடல் விலங்கும்தான் வருகின்றன. எனக்குப் பிடித்ததோ அவர்களுடைய அரைநிலா வடிவக் குல்லிக் என்ற கல் விளக்கு. பூவேலை எதுவும் இல்லை, ஆனாலும் அந்த வளைவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அது சிற்பமா, வெறும் பாத்திரமா?

பதில் 1:
தாராளமாகச் சிற்பம்தான் நண்பரே. அந்த வடிவமே வேலையிலிருந்து வந்தது. குழியில் சீல் கொழுப்பு உருகி எண்ணெயாகும். நேரான விளிம்பு நெடுகப் பாசியும் பருத்திப்புல் பஞ்சும் கலந்த திரி. சுடர் புகையாமல் ஒரே உயரத்தில் நிற்க, விளிம்பு சீராக இருந்தாக வேண்டும். பனிவீட்டுக்கு வெளிச்சம், சூடு, சமையல், ஈர உடை காய்வது எல்லாம் இதில்தான், பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள். மேலே தொங்கிய சமையல் தொட்டியும் மாக்கல்லே. விரிசல் விட்டால் துளை போட்டு விலங்கின் தசைநாரால் இறுக்கிக் கட்டுவார்கள். அப்படிக் கட்டுப்போட்ட தொட்டி எனக்கு எந்தக் கரடியையும்விட மேல்.

பதில் 2:
நீங்கள் பார்க்கும் கரடிகள் பெரும்பாலும் விற்பனைக்குச் செதுக்கியவை. 1948-இல் கனடாவின் வட கியூபெக் போன ஓவியர் ஜேம்ஸ் ஹூஸ்டன் சேகரித்த இனுயிட் சிற்பங்கள் 1949-இல் மான்ட்ரியலில் சீக்கிரமே விற்றுத் தீர்ந்தன. அப்புறம் தெற்குக் கனடா வீடுகளுக்காகச் சாம்பல் கிண்ணம்கூடச் செதுக்கச் சொன்னார்கள். அதுவும் பயன்படு பொருள்தான், ஆனால் செய்தவரின் வாழ்க்கையில் அதற்கு இடமில்லை. குல்லிக்கோ, இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கனடாவின் நுனாவுட் பகுதியின் அரசுச் சின்னத்திலேயே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சரி, முதலில் அந்த விளிம்பைச் சீராக எடுத்துப் பார்க்கிறேன்.