இங்கிலாந்துக்குப் புதுசு: ரிசப்ஷன் வகுப்பில் வெறும் விளையாட்டுதானா? வீட்டில் என்ன சொல்லித்தருவது?

கேட்டவர்:
வணக்கம். கணவருக்கு வேலை கிடைத்துப் போன மாதம்தான் லெஸ்டருக்கு வந்தோம். மகளுக்கு 4 வயது 7 மாதம். கோயம்புத்தூரில் எல்கேஜி போய்க்கொண்டிருந்தவள். இசட் வரை எழுதுவாள், 50 வரை எண்ணுவாள். இங்கே ரிசப்ஷனில் (தொடக்கப் பள்ளியின் முதல் வருடம்) இடம் கிடைத்தது. நாள் முழுக்க மண்ணிலும் தண்ணீரிலும் விளையாடிவிட்டு அழுக்குச் சட்டையோடு வருகிறாள். நோட்டும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை. படித்ததெல்லாம் மறந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அங்கே யாரிடமும் வாயே திறப்பதில்லை என்று டீச்சர் சொல்கிறார். வீட்டிலும் இங்கிலீஷில் பேச ஆரம்பிக்கட்டுமா?

பதில்:
தங்கச்சி, வீட்டில் இங்கிலீஷ் வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் கீழே வருகிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஜனவரிக் குளிரில் நானும் இப்படித்தான் புலம்பினேன். என் மகள் இப்போது இயர் 3. அப்போது நான் செய்தது என்ன தெரியுமா? ஊரிலிருந்து கொண்டுவந்த நாலுகோடு நோட்டை எடுத்து, பள்ளி விட்டு வந்ததும் தினமும் ஒரு பக்கம் எழுதவைத்தேன். பிள்ளை தன் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அழகாக எழுதுவாள், எனக்கு ஒரே பெருமை. டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார்: இங்கே முதலில் சொல்லித்தருவது சின்ன எழுத்து, பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் பெரியது. நான் பழக்கியதை அழித்துத் திரும்ப எழுதவைக்க அவருக்கு ஒரு டெர்ம் போய்விட்டது.

இங்கே, பிள்ளை பிறந்தது முதல் 5 வயது வரைக்கும், தனியாக ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. அதில் ஏழு துறைகள். முதல் மூன்றும் பேச்சும் மொழியும், உடல் வளர்ச்சி, மற்றவர்களோடு பழகுவதும் மனப்பக்குவமும். எழுத்தும் கணக்கும் அப்புறம்தான். பள்ளியில் மண்ணும் தண்ணீரும் வைத்துச் சமைத்து விளையாடும் அந்த மண் அடுப்படியில் உன் மகள் குவளை குவளையாக ஊற்றிக் கொட்டும்போதே நிறைய, குறைய, பாதி எல்லாம் பழகுகிறாள். ஏணியில் தொங்குவதும் களிமண் பிசைவதும் பென்சில் பிடிக்கப்போகும் தோளுக்கும் விரலுக்கும் பயிற்சி. வருடக் கடைசியில் 17 இலக்குகள் வைத்துப் பார்ப்பார்கள். பரீட்சை எல்லாம் கிடையாது, டீச்சர் தினமும் பார்த்ததை வைத்தே முடிவு செய்வார். மேசையில் உட்கார்ந்து படிக்கிற பாடம் அடுத்த வருடம் இயர் 1-ல் கூடும். அதுவரை அழுக்குச் சட்டையைத் துவைத்துக்கொண்டே இரு.

ஆனால் வெறும் விளையாட்டும் இல்லை. தினமும் கொஞ்ச நேரம் ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தின் ஒலிகளைச் சேர்த்து வாசிக்கிற பாடம், நடக்கும். நம் ஊர்ப் பெற்றோர் தடுமாறுவது இங்கேதான். நாம் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று எழுத்தின் பெயரைச் சொல்லித்தந்திருப்போம். இவர்களுக்கு முதலில் வேண்டியது எழுத்தின் ஒலி. பல பள்ளிகளில் முதல் ஆறு எழுத்து (எஸ், ஏ, டி, பி, ஐ, என்) சேர்ந்து 'ஸாட்பின்' என்று வரும். அந்த ஆறை வைத்தே பின், ஸிட், டிப் என்று பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கிவிடும். எம் எழுத்தைக் காட்டினால் 'எம்' என்று சொல்லக் கூடாது. 'ம' என்று அகரம் சேர்த்தும் சொல்லக் கூடாது. உதட்டை மூடிக்கொண்டு 'ம்ம்ம்'. அவ்வளவுதான்.

பெற்றோருக்கான ஃபோனிக்ஸ் கூட்டத்தில் டீச்சர் இதை விளக்க அரைமணி நேரம் பாடுபட்டார். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. இது நம் புள்ளி வைத்த எழுத்து! ம் தனி, அ தனி, சேர்ந்தால் ம. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை ஒன்றாம் வகுப்பிலேயே படித்தவர்கள் நாம். அவர்கள் 'பிளெண்டிங்' என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான். ப், இ, ன் என்று பிரித்துச் சொல்லி, வேகமாகச் சேர்த்துப் பார், பின் வந்துவிடும். ஒரே எச்சரிக்கை: நம் வாய்ப்பாட்டுப் பழக்கத்தில் 'இக், இங், இச்' என்று முன்னால் இகரம் போட்டுவிடாதே. ஸ் என்றால் பாம்பு சீறுகிற மாதிரி வெறும் ஸ்ஸ்ஸ்.

வி, டபிள்யூ இரண்டையும் நாம் 'வ' என்றே சொல்கிறோம். அங்கே ஒன்றுக்குப் பல் உதட்டில் படும், இன்னொன்றுக்கு உதடு குவியும். இதை எனக்குச் சொல்லித்தந்தது என் மகள். அவளே திருத்தட்டும் என்று விட்டுவிட்டேன். நம் உச்சரிப்பால் பிள்ளை கெட்டுவிடாது, நாள் முழுக்க அவள் காதில் விழுவது டீச்சர் பேச்சுதான்.

இயர் 1 ஜூன் மாதத்தில் ஃபோனிக்ஸ் சோதனை ஒன்று உண்டு. 40 சொற்கள், அதில் 20 பொருளே இல்லாத பொய்ச் சொற்கள். மனப்பாடம் செய்யாமல் எழுத்துக்கூட்டி வாசிக்கிறதா என்று பார்க்க அப்படி வைத்திருக்கிறார்கள். அதற்கு இப்போதே பயிற்சிப் புத்தகம் வாங்காதே.

சரி, மொழி விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை பள்ளியில் பேசவில்லை என்றதும் நானும் பயந்துபோய் வீட்டில் இங்கிலீஷுக்கு மாறினேன். என் இங்கிலீஷ் 'ஈட், கம், கோ, டோன்ட் டச்' அளவில்தான் அவளிடம் வந்தது. கதை போச்சு, கேலி போச்சு, 'ஏன்மா, எதுக்குமா' என்ற நச்சரிப்பும் போச்சு. இரண்டு வாரத்தில் வீட்டிலும் வாயடைத்துப் போனாள். டீச்சர் விசாரித்தார், விஷயத்தைக் கேட்டதும் "தயவுசெய்து தமிழுக்கே திரும்புங்கள்" என்றார். அரசின் அந்தப் பாடத்திட்ட விதியிலேயே, பிள்ளை தன் வீட்டு மொழியை விளையாட்டிலும் படிப்பிலும் பயன்படுத்தப் பள்ளி வாய்ப்புத் தர வேண்டும் என்று இருக்கிறது. புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் சில வாரமோ சில மாதமோ பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது சகஜம். என் மகள் ஈஸ்டர் விடுமுறை வரை தலையைத்தான் ஆட்டினாள். அதன் பிறகு ஒருநாள் வரிசையில் முந்திய பையனைப் பார்த்து முழு வாக்கியத்தில் சண்டை போட்டாளாம். நீ பார்க்க வேண்டியது வீட்டில் தமிழில் நன்றாகப் பேசுகிறாளா என்பதை. தமிழிலும் பேச்சு குறைந்தாலோ, சொன்னது புரியவில்லை என்று தோன்றினாலோ டீச்சரிடமும் ஜிபியிடமும் (நம் பகுதிக் குடும்ப டாக்டர்) தள்ளிப்போடாமல் சொல்.

வீட்டுப்பாடம் வேண்டுமென்றால் சமையலறையில் இருக்கிறது. பட்டாணி உரிக்கச் சொல், கொத்தமல்லி கிள்ளச் சொல், விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. எது கனம், எது லேசு, தட்டு எத்தனை, இன்னும் எத்தனை வேண்டும் என்று பேசிக்கொண்டே இரு. 50 வரை ஒப்பிப்பது பெரிதில்லை. ஐந்தை நாலும் ஒன்றுமாக, மூன்றும் இரண்டுமாகப் பிரிக்கத் தெரிவதைத்தான் டீச்சர் பார்ப்பார்.

பையில் வரும் புத்தகத்தை ஐந்து நிமிடம் வாசிக்கவைத்து, கூடவே வரும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுது. முதலில் எழுத்தே இல்லாத படப் புத்தகம் வந்தால் "என்ன ஸ்கூல் இது" என்று நினைக்காதே, படம் பார்த்துத் தமிழிலேயே கதை சொல்லச் சொல். நூலகத்தில் உறுப்பினராகக் காசு கிடையாது. ஒரே புத்தகத்தைப் பத்து முறை கேட்டாலும் படித்துக் காட்டு.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள்: கழிப்பறையில் தண்ணீர் இருக்காது, தாளால் துடைக்கப் பழக்கிவிடு. என் மகள் அதனால்தான் முதல் வாரம் முழுக்க அடக்கிக்கொண்டு வந்தாள். கோட்டு ஜிப், ஷூ, முள்கரண்டி இவற்றையும் வீட்டிலேயே பழக்கு. மதியச் சாப்பாடு ரிசப்ஷன் முதல் இயர் 2 வரை எல்லோருக்கும் இலவசம். சைவமென்றால் முன்னாலேயே எழுதிக் கொடு. வீட்டிலிருந்து அனுப்பினால் கடலை மிட்டாய் வேண்டாம், பல பள்ளிகளில் கடலைக்கும் முந்திரி, பாதாம் போன்றவற்றுக்கும் தடை.

ஹாரோவிலிருந்து ஒருவர்:
அக்கா சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். பக்கத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். எங்கட பக்கத்தில் பாலர் வகுப்பிலேயே சேர்க்கிறார்கள். அந்த வயதில் எழுத்தை விட, தமிழ் பேசும் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று கண்டுகொள்வதுதான் பெரிய லாபம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா. தாள் விஷயம் இன்றைக்கே பார்க்கிறேன். சின்னவனுக்கு இப்போதுதான் 3 முடிந்தது. எங்கள் விசாவில் அரசு உதவி கிடையாது என்று போட்டிருக்கிறது. அவனுக்கு நர்சரி? அப்புறம், ஜூனில் தம்பி கல்யாணம், இரண்டு வாரம் ஊருக்குப் போகலாமா?

பதில்:
மூன்று வயது முடிந்து அடுத்த டெர்ம் தொடங்கியதும் வாரம் 15 மணி நேரம் இலவசம், வருடத்துக்கு 38 வாரம். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, விசா தடையில்லை. வேலைக்குப் போகும் பெற்றோருக்கான 30 மணி நேரம்தான் கிடைக்காது, அதற்கு இருவரில் ஒருவருக்காவது அரசு நிதி பெறும் அனுமதி வேண்டும்.

ஊருக்குப் போவதைப் பற்றி: கட்டாயப் பள்ளி வயது 5 முடிந்த அடுத்த டெர்மில்தான் தொடங்குகிறது. அதற்கு அப்புறம் அனுமதியில்லாமல் 5 பள்ளி நாள் விட்டால், ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண்ட் அபராதம் வரலாம், 21 நாளில் கட்டாவிட்டால் 160. உன் மகளுக்கு ஜூனில் அந்த வயது தொடங்கியிருக்காவிட்டால் அபராதம் வராது. ஆனாலும் தலைமையாசிரியருக்கு இப்போதே எழுதிக் கேள். போய் வந்ததும் தாலி கட்டினது, பந்தியில் சாப்பிட்டது எல்லாவற்றையும் படம் வரைந்து வகுப்புக்கு எடுத்துப் போகச் சொல். என் மகள் அப்படிக் காட்டிய வாழையிலைப் படம் ஒரு வருடம் சுவரிலேயே இருந்தது.