அம்மாயி வீட்டு அரட்டைக் குழுவில் ஒரு சாயங்காலம்

கவிதா: சக்கரம் வந்து மூன்று நாள் ஆகிறது! வருகிற தைக்குப் பொங்கல் பானை என் கையால்தான். போன முறை மாதிரி இனி நடக்கக் கூடாது.

மாலா பெரியம்மா: என்ன சக்கரம்?

தினேஷ்: பானை வனைகிற சக்கரம் பெரியம்மா. கரண்டில் சுற்றுவது. கொழும்பில் ஒருவர் பாவித்ததை வாங்கினோம்.

ராஜன் மாமா: போன முறை என்ன நடந்தது? பானையில் ஒரு கீறல். அவ்வளவுதானே.

மாலா பெரியம்மா: கீறலா? அடுப்பே அணைந்தது தம்பி. அம்மா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

செல்வி: அக்கா, அதை விடுங்கள்.

ராஜன் மாமா: பானை செய்கிற ஊரான மொலகொடையில் இறங்கி, தட்டிப் பார்த்து வாங்கினேன். கேகாலையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டு வந்தேன்.

சுகந்தி: மாமா, பானையில் குற்றம் இல்லை. இரவு வந்த பானையை விடியும் முன் அப்படியே நெருப்பில் ஏற்றினோம். புதுப் பானையை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அப்புறம் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, மெல்லிய தணலில் வைத்துப் பழக்க வேண்டும்.

ராஜன் மாமா: இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம்.

மாலா பெரியம்மா: அம்மா சொன்னார். யார் கேட்டீர்கள்?

குமார் மாமா: சக்கரத்தை இனி எங்கே வைக்கப் போகிறீர்கள்?

கவிதா: முன் காம்பராவில் மாமா.

குமார் மாமா: அம்மா படுக்கிற இடம் அது.

சுகந்தி: அங்கே வேண்டவே வேண்டாம் கவி. மண் காய்ந்தால் தூசி. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அது நுரையீரலுக்குக் கெடுதி. அம்மாயிக்கு ஏற்கனவே இழுப்பு. எங்கே வைத்தாலும் விளக்குமாற்றால் கூட்டாதே, ஈரத் துணியால் துடை. கை கழுவிய தண்ணீரையும் சாக்கடைக் கானில் ஊற்றாதே. வாளியில் விட்டால் மண் அடியில் தங்கும், மேல் தண்ணீரை மட்டும் செடிக்கு ஊற்று.

குமார் மாமா: கான் அடைத்தால் லயத்து வரிசை வீடுகள் எல்லாம் என்னிடம்தான் வரும்.

செல்வி: விறகுக் கொட்டில் இருக்கிறதே.

குமார் மாமா: அதில் என் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

மாலா பெரியம்மா: கொட்டில் அப்பா எல்லோருக்குமாகப் போட்டது.

செல்வி: அக்கா...

சுகந்தி: கவி, இதை முழுதாக வாசி. தைக்குப் பானை செய்ய முடியாது. பொங்கல் பானையின் வாயும் கழுத்தும்தான் சக்கரத்தில் வரும். அடியைச் சற்றுக் காய்ந்த பிறகு, உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி உருட்டுவார்கள். மண்ணில் மணலும் சேர்ப்பார்கள். அப்போதுதான் நெருப்பைத் தாங்கும். அது வருஷக்கணக்கான கைப்பழக்கம். நீ கார்த்திகைக்கு அகல் விளக்கு செய். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

தினேஷ்: விளக்கு நல்ல யோசனை.

கவிதா: மூன்று நாளாக ஒரு கிண்ணம்கூட நிற்கவில்லை அக்கா. ஆடி ஆடிச் சரிகிறது.

சுகந்தி: மண் நடுவில் நிற்கவில்லை, அதுதான். அரைக் கிலோ போதும். ரொட்டி மா போல நன்றாகப் பிசைந்து, கம்பியால் இரண்டாக வெட்டிப் பார். உள்ளே காற்றுக் குழி தெரிந்தால் மறுபடி பிசை. சக்கரத்தில் அறைந்து வைத்த பிறகு முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள். கை ஆடக் கூடாது, மண்தான் உனக்கு அடங்க வேண்டும். நடுவுக்குக் கொண்டுவரும்போது வேகம், சுவரை எழுப்பும்போது மெதுவாக. தண்ணீர் அதிகம் தொட்டால் மண் களைத்து விழும். கையை எடுக்கும்போதும் வெடுக்கென்று எடுக்காதே. முதலில் செய்கிற இருபதையும் கம்பியால் குறுக்கே வெட்டு. சுவர் எங்கே கனம், எங்கே மெல்லிசு என்று அப்போதுதான் தெரியும். எனக்கு முதல் கிண்ணம் வர இரண்டு மாதம் ஆனது. அழுதிருக்கிறேன்.

செல்வி: மண் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? பின்னால் தேயிலை மேட்டில் இருக்கிறதே.

சுகந்தி: சின்னம்மா, அதில் சரளைதான் அதிகம். ஒரு பிடியைப் புழு மாதிரி உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடித்தால் வனைய உதவாது.

ராஜன் மாமா: வெள்ளிக்கிழமை கொழும்பு போகிறேன். வரும்போது மொலகொடையில் மண் கேட்டுப் பார்க்கிறேன். எத்தனை கிலோ?

கவிதா: பத்து, மாமா. நன்றி.

மாலா பெரியம்மா: அப்படியே ஒரு பொங்கல் பானையும் வாங்கி வா தம்பி. இப்போதே வாங்கினால் பழக்க நாள் இருக்கும்.

ராஜன் மாமா: சரி அக்கா.

தினேஷ்: சுட என்ன செய்வது? நம்மிடம் சூளை இல்லையே.

சுகந்தி: விளக்குக்குக் குழிச் சூளை போதும். உமி, தென்னம்மட்டை, விறகு. ஆனால் இந்த ஐப்பசி மழையில் மண் சீக்கிரம் காயாது. விளக்கைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம். ஈரத்தோடு சுட்டால் நீராவி உடைத்துவிடும். கார்த்திகைக்கு முந்தின வாரம் நான் வருகிறேன், மழை விட்டிருந்தால் சேர்ந்து சுடுவோம்.

செல்வி: அந்த வாரம் யார் யார் வருகிறீர்கள்? அரிசி போட வேண்டும்.

மாலா பெரியம்மா: நாங்கள் நாலு பேர்.

கவிதா: அம்மாயி கேட்கச் சொன்னார்: முதல் விளக்கு சாமி மாடத்துக்கா, கோயிலுக்கா?

மாலா பெரியம்மா: கோயிலுக்கு.

ராஜன் மாமா: வீட்டுக்கு. அப்பா படத்துக்கு முன்னால்.

கவிதா: குமார் மாமா, கொட்டில்?

குமார் மாமா: மழைக்கு வண்டியை எங்கே விடுவது என்று பார்க்கிறேன். ஞாயிறு பேசுவோம்.