80 சீரிஸ் லேண்ட் குரூசர்: வலது முன் பர்ஃபீல்டு (திரும்பும் முன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொடுக்கும் குண்டு ஜாயிண்ட்) உடைந்துவிட்டது, ஜாயிண்ட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

மண்ரோடு80:
வணக்கம். வண்டி 80 சீரிஸ், எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. முன்னும் பின்னும் லாக்கர் (இடது, வலது சக்கரங்களை ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு), 33 அங்குல டயர். கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டச் சேற்றில், ஸ்டியரிங்கை வலது கோடி வரை ஒடித்து, முன் லாக்கரும் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தபோது வலது முன் சக்கரத்தில் ‘டக்’கென்று சத்தம். இப்போது திருப்பினால் கடகடவென்கிறது, சென்டர் டிஃப் லாக் (முன், பின் ஆக்சில்களை ஒன்றாக இணைக்கும் பூட்டு) போடாவிட்டால் வண்டி நகரவே மாட்டேன் என்கிறது. அந்தப் பக்க நக்கிளுக்கு (ஜாயிண்ட்டை மூடி, ஸ்டியரிங்கோடு திரும்பும் கூடு) கீழே கறுப்பாக எண்ணெய் வடிவது மட்டும் பல மாதமாகவே உண்டு.
புது ஜாயிண்ட் வாங்கிப் போட்டால் போதுமா? குரோமோலி (இன்னும் கெட்டியான எஃகு) ஜாயிண்ட் வாங்கலாமா? வண்டி ஜோகூரில் நிற்கிறது. சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வரை ஓட்டி வர முடியுமா?

கிரீஸ்கை:
ஓட்டி வரலாம், ஆனால் உடைந்ததை உள்ளே விட்டுவிட்டு வேண்டாம். ஜாயிண்ட்டில் குண்டுகளைப் பிடித்துவைக்கும் கூண்டின் துண்டோ ஒரு குண்டோ நக்கிளுக்கும் ஆக்சில் பந்துக்கும் நடுவில் சிக்கினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பாலத்தின் நடுவே அப்படி ஆனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வலது பக்க ஸ்பிண்டில் (ஹப் சுழலும் அச்சுக்குழாய்) வரை பிரித்து, ஷாஃப்டையும் பர்ஃபீல்டையும் முழுசாக வெளியே எடுங்கள். ஷாஃப்ட் இல்லாத குழாய் வழியே டிஃப் எண்ணெய் நக்கிளுக்குள் ஓடிவரும். சுத்தமான துணியை இறுக்கிச் சுருட்டிக் குழாய்க்குள் அடைத்துவிடுங்கள். (வீடு வந்ததும் எடுக்க மறந்துவிடாதீர்கள்.) பிறகு ஸ்பிண்டில், ஹப், பேரிங், டிரைவ் ஃபிளாஞ்ச் (ஷாஃப்டின் சுழற்சியை ஹப்புக்குக் கொடுக்கும் தட்டு) எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிடலாம். இந்த ஆக்சிலில் சக்கரத்தைத் தாங்குவது ஸ்பிண்டில் மேல் இருக்கும் பேரிங்குகள்தான், ஷாஃப்ட் இல்லை. அதனால் சக்கரம் கழன்று ஓடாது. முன் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் கழற்றிவிட்டு, சென்டர் டிஃப் லாக்கைப் போட்டால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். லாக் போடாவிட்டால் முழுச் சக்தியும் எதிர்ப்பே இல்லாத முன்பக்கம் போய் வீணாகும். உங்கள் வண்டி நகராததற்குக் காரணம் அதுதான். ஏபிஎஸ் உள்ள வண்டியானால் லாக் போட்டதும் ஏபிஎஸ் நின்றுவிடும், இடைவெளி விட்டு ஓட்டுங்கள்.

பட்டறைத்தம்பி:
ஜாயிண்ட் மட்டும் போதுமா என்று கேட்டீர்கள். போதாது. பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: “பல மாதமாக எண்ணெய் வடிகிறது”. ஆக்சில் உள் சீல் போய், டிஃப் எண்ணெய் நக்கிளுக்குள் வந்து மோலி கிரீஸைக் கரைத்துவிட்டது. திறந்து பாருங்கள், கிரீஸுக்குப் பதில் கறுப்பு ரசம் ஊற்றும். அந்த ரசத்தில் ஓடிய குண்டுகளும் தடங்களும் தேய்ந்து, கூண்டு ஆட்டம் கண்டு, கடைசியில் ஒரே மிதியில் உடைந்தது. சீலை விட்டுவிட்டுப் புது ஜாயிண்ட் போட்டால் அதுவும் அதே ரசத்தில்தான் குளிக்கும்.

சீல் ஏன் போனது என்றும் பாருங்கள். முதலில் ஆக்சில் மேல் இருக்கும் மூச்சுக்குழாய். அதில் சேறு அடைத்தால், சூடேறிய எண்ணெயின் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் சீலைத் தள்ளும். அடுத்தது நக்கிளின் மேல், கீழ் பேரிங்குகள். அவை தேய்ந்தால் நக்கிள் சாய்ந்து, ஷாஃப்ட் சீலின் ஒரே பக்கத்தை அழுத்தும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மூன்றாவது, சீல் உரசும் இடத்தில் ஷாஃப்டில் விழும் பள்ளம். நகத்தை ஓட்டினால் தட்டும். தட்டினால் புது சீலைச் சில மில்லிமீட்டர் முன்பின்னாக இறக்கி, உதடு புது இடத்தில் உட்காரும்படி அடியுங்கள்.

பிரிக்கும் முறை: கேலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்க வேண்டாம். டஸ்ட் கேப்பை எடுத்தால் உள்ளே சர்க்கிளிப் (ஷாஃப்ட் நுனியைப் பிடிக்கும் வளையக் கிளிப்), அதை எடுங்கள். ஃபிளாஞ்சின் ஆறு நட்டுகளையும் தளர்த்தியதும் கோன் வாஷர்கள் பிடித்துக்கொள்ளும். ஸ்டட் தலையில் அடிக்காமல், பித்தளைச் சுத்தியலால் ஃபிளாஞ்சின் பக்கவாட்டில் தட்டினால் ‘பொட்’டென்று துள்ளி வரும். ஹப் நட்டுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும், ஜாலான் புசார் ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். உளி வைத்து அடித்துத் திறக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள், அடுத்த முறை திறப்பவர் திட்டுவார். ஸ்பிண்டிலின் எட்டு போல்ட்டையும் எடுத்து, பிளாஸ்டிக் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் அது வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் மல்லுக்கட்டுகிறார்கள். பர்ஃபீல்டின் வெளிவிளிம்பில் தட்டையாகச் சீவிய பகுதி உண்டு. அந்தத் தட்டை மேலே பார்க்கும்படி ஷாஃப்டைச் சுற்றிவைத்தால் நக்கிள் வழியே தானாக வெளியே வழுக்கும். இல்லையென்றால் எவ்வளவு இழுத்தாலும் வராது.

பூட்டும்போது எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். ஜாயிண்ட்டின் குண்டுகளுக்குள் மோலி கிரீஸை விரலால் அழுத்தி ஏற்றுங்கள், மறுபக்கம் வழிந்து வர வேண்டும். பிறகு நக்கிளுக்குள் முக்கால் பங்கு. சிங்கப்பூர் வண்டி காஸ்வே தாண்டி ஜோகூர் போகும்போது எரிபொருள் டேங்கில் எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்கு 400 கிராம் டியூப் ஒன்று கணக்கு வையுங்கள். ஷாஃப்டை உள்ளே விடும்போது கையால் தாங்குங்கள். அதன் பற்கள் சீலின் உதட்டில் உரசினால் புது சீல் அந்த நிமிடமே பழையதாகிவிடும். ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் பித்தளை புஷ்ஷுக்கும் கிரீஸ் தடவுங்கள், அதை எல்லாரும் மறப்பார்கள்.

டார்க்: ஸ்பிண்டில் போல்ட் 47 நியூட்டன் மீட்டர், ஃபிளாஞ்ச் நட்டு 35, கேலிப்பர் போல்ட் 123. ஹப் பேரிங்குக்கு உள் நட்டை 59க்கு இறுக்கி, ஹப்பை இருபக்கமும் பலமுறை சுற்றி, கையால் திருகும் அளவுக்குத் தளர்த்தி, லேசாகத் திரும்ப இறுக்கி, மீன் நிறுக்கும் தராசை வீல் ஸ்டட்டில் மாட்டி இழுங்கள். ஹப் சுழலத் தொடங்கும்போது 3 முதல் 5.5 கிலோவுக்குள் காட்ட வேண்டும். வெளி நட்டு 64. அதற்குப் பிறகும் ஒருமுறை தராசு பிடியுங்கள், ஏனென்றால் வெளி நட்டை இறுக்கும்போது அளவு கூடும்.

கியர்பித்தன்:
குரோமோலி விஷயத்தில் என் கருத்து வேறு. 33 அங்குலத்துக்கு ஒரிஜினல் டொயோட்டா ஜாயிண்ட், நல்ல கிரீஸோடு, தாராளம். பர்ஃபீல்டைக் கெட்டியாக்கினால் அடுத்த பலவீனமான இடம் உடையும், அது டிஃபின் பல். ஜாயிண்ட் அரை நாள் வேலை. டிஃபின் பற்சக்கரங்களான கிரவுனும் பினியனும் போனால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துப் பல் பதிவு பார்க்கத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும், செலவும் வேறு. முன் டிஃப் ஹை பினியன் வகை (பினியன் கிரவுனின் மையத்துக்கு மேலே இருக்கும்), முன்னோக்கி இழுக்கும்போதுதான் பல்லின் பலமான பக்கம் வேலை செய்யும். ரிவர்ஸில், லோ ரேஞ்சில், லாக்கரோடு சேற்றிலிருந்து பிடுங்குவது அதன் பலவீனமான பக்கத்தை மிதிப்பது.
பெயரில்லாத மலிவு ஜாயிண்ட் வேண்டவே வேண்டாம்.

கிரீஸ்கை:
35 அங்குலம் போனால் குரோமோலி நியாயம்தான். ஆனால் முதலில் இலவச வேலையைச் செய்யுங்கள். நக்கிளில் ஸ்டியரிங்கை நிறுத்தும் போல்ட் இருக்கிறது, அதைச் சில சுற்று வெளியே எடுத்தால் கோடி கோணம் குறையும். வளைவு கூடக்கூட ஆறு குண்டுகளில் சுமை சமமாக விழாது, ஒன்றிரண்டே அடிவாங்கும். உள்பக்கமாகத் திரும்பும் சக்கரத்தில் வளைவு இன்னும் அதிகம், வலது ஒடித்து வலது உடைந்தது அதனால்தான். ஸ்டியரிங் கோடியில் இருக்கும்போது முன் லாக்கர் போடாதீர்கள். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது பிடிப்பு வரும் வரை மிதிப்பதும் கூடாது.

மண்ரோடு80:
நன்றி அண்ணே. இடது பக்கம் இன்னும் உடையவில்லை, முழுசாகத் திருப்பினால் மட்டும் லேசாக ‘டிக் டிக்’. அதையும் மாற்றவா?

பட்டறைத்தம்பி:
பிரித்துப் பாருங்கள். குண்டு ஓடும் தடத்தில் கை வைத்தால் பள்ளம் தெரிகிறதா, கூண்டின் ஜன்னல் ஓரத்தில் விரிசல் உண்டா? விரிசல் இருந்தால் குப்பைக்கு. தேய்மானம் மட்டுமானால் அந்த ஜாயிண்ட்டை வலது பக்கம் போட்டு, புதியதை இடது பக்கம் போடலாம். முன்னோக்கி ஓடுவதில் தடத்தின் ஒரு பக்கமே தேயும், பக்கம் மாற்றினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். டிக் டிக் பெரும்பாலும் அடங்கிவிடும். பர்ஃபீல்டு மட்டும்தான் மாற வேண்டும், உள் ஷாஃப்டுகள் நீளத்தில் வேறு, டிஃப் வலப்பக்கம் இருப்பதால் இடது ஷாஃப்ட் நீளம். இரண்டையும் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் சி கிளிப்பைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள்.

கியர்பித்தன்:
பிரித்திருக்கும்போதே அடியில் ஸ்டியரிங் ஆர்மைப் பிடிக்கும் நான்கு ஸ்டட்டுகளையும் பாருங்கள். தளர்ந்த ஸ்டட் வெட்டுப்பட்டு ஒவ்வொன்றாகப் போகும், போனால் ஸ்டியரிங்கே இல்லை. துளையிலும் கோன் வாஷரிலும் கிரீஸ் துளியும் இல்லாமல் துடைத்து, நட்டை 96 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை.
டிஃப் எண்ணெயையும் மாற்றுங்கள். நிரப்பும் பிளக்கை முதலில் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் வடிக்கும் பிளக், திறக்க வராத பிளக்கோடு எண்ணெயில்லா வண்டியை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டாம். காந்தப் பிளக்கில் இரும்புத் தூள் பசைபோல் ஒட்டியிருந்தால் பரவாயில்லை, சில்லாகப் பளபளத்தால் டிஃபையும் திறக்க வேண்டும். பழைய எண்ணெயைக் கேனில் பிடித்து ஏதாவது பட்டறையில் கொடுத்துவிடுங்கள், கால்வாயில் ஊற்றாதீர்கள்.