முதல் ராக் கிராலர்: எதை எடுத்தேன் (புதுப்பிப்பு)

முதல் ராக் கிராலருக்கு (கல், பாறை மேல் மெதுவாக ஏறும் ரிமோட் கார்) நிஜ வண்டியில் 1/24 அளவுள்ள ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்24 போதுமா, 1/18 டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4எம் எடுக்கலாமா, நேராக 1/10 டிஆர்எக்ஸ்-4க்குப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டிஆர்எக்ஸ்-4 வாங்கிவிட்டேன்.

என்னை அதன் பக்கம் இழுத்தது போர்ட்டல் ஆக்சில்தான். சக்கரத்தின் பக்கத்திலேயே ஒரு ஜோடி கியர் இருப்பதால் ஆக்சிலின் நடுப்பகுதி உயரத்தில் நிற்கிறது. அங்கே இருக்கும் டிஃப் (டிஃபரென்ஷியல், இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் பெட்டி) கல்லில் தட்டுவது குறைகிறது. வேகக் குறைப்பில் ஒரு பங்கு அந்தக் கியரிலேயே நடப்பதால் டிரைவ் ஷாஃப்டில் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) முறுக்கமும் குறைவு. அதனால் ஏறும்போது வண்டி ஒரு பக்கமாக அவ்வளவாகச் சாய்வதில்லை. இதை நேரில் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறது! டிஃப் லாக்கை (இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு) ரிமோட்டிலிருந்தே போடலாம், எடுக்கலாம். லாக் போட்டால் பிடிப்பு கூடும், ஆனால் திரும்பும் வட்டம் பெரிதாகும். குறுகலான இடத்தில் எடுத்துவிட்டால் சுலபமாகத் திரும்புகிறது.

வண்டி கவிழாமல் இருக்கப் பித்தளை எடை சேர்ப்பது பற்றிப் பதிலில் ஒருவர் சொன்னது சரி: அதை முன் ஆக்சிலில், தாழ்வாகப் போட வேண்டும். எடை மேலே போய்விடும் என்பதால் கூரை மேல் கேரியர், டப்பா எதுவும் வேண்டாம்.

அப்புறம் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி போடுபவர்கள் ஈஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) குறை மின்னழுத்தத் தடுப்பு இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கெட்டுவிடும்.

வீட்டுக்குள் மட்டும் ஓட்டப் போகிறவர்களுக்கு எஸ்சிஎக்ஸ்24 தாராளமாகப் போதும். நாலு புத்தகம் அடுக்கினாலே அதற்கு மலை.