வெள்ளத்தில் நின்ற கார்: ஸ்டார்ட் ஆகிறது, ஒரு நிமிடத்தில் அணைந்துவிடுகிறது

ஆம்ப்காரன்:

வணக்கம். நான் இன்ஜின் ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பதுதான் 25 வருடத் தொழில். மீட்டர் பிடிப்பேன், சால்டரிங் செய்வேன். பிஸ்டனைப் படத்தில் பார்த்ததோடு சரி.

வண்டி 11 வருடப் பழைய 1200 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக். நான்கு சிலிண்டர், மேனுவல் கியர். ராத்திரி ஓட்டி வந்து நிறுத்தினேன். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் ஏறி, சீட் குஷன் வரைக்கும் வந்து, மறுநாள் மதியம்தான் வடிந்தது. நல்ல தண்ணீர்தான், உப்பு இல்லை. ஆனால் வண்டல் நிறைய. டேஷ்போர்டு தப்பித்தது. ஏர் ஃபில்டர் பெட்டியில் சேற்றுக் கோடு அடியில் மட்டும் இருக்கிறது, காற்று இழுக்கும் வாய்க்கு இரண்டு விரல் கீழே.

தண்ணீர் வடிந்ததும் ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா என்று கை பரபரத்தது. சாவியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன், என்னையே நம்ப முடியாமல்.

அப்புறம் செய்தவை: பேட்டரி கழற்றினேன். ஸ்பார்க் பிளக் நாலையும் எடுத்துவிட்டு செல்ஃப் அடித்தேன், எந்த ஓட்டையிலிருந்தும் தண்ணீர் தெறிக்கவில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளுத்து, சோப்பு நுரை மாதிரி இருந்தது. இரண்டு தடவை மாற்றினேன், இரண்டாவது தடவை நிறம் சரியாகிவிட்டது. கியர் ஆயிலும் மாற்றியாயிற்று. எர்த் பாயின்ட் எல்லாம் சுரண்டி இறுக்கினேன். ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்திருந்த இரண்டு ரிலேயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட்டேன்.

கம்ப்யூட்டர் பெட்டி என் வண்டியில் கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. திறந்தால் போர்டில் பாதி உயரத்துக்குச் சேறு, அலை அடித்த கரை மாதிரி வரிவரியாக. டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்து சிப்பின் ஒவ்வொரு காலாகத் துடைத்து, டேபிள் லேம்ப் சூட்டில் இரண்டு நாள் காயவைத்தேன். இத்தனையிலும் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், ரசித்துச் செய்தேன்.

இப்போது பிரச்சினை. சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்கிறது. 800 ஆர்பிஎம்மில் அலுங்காமல் ஓடுகிறது. சுமார் ஒரு நிமிடம். அப்புறம் ஒரு நடுக்கம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்னும் மோசம், மூச்சு முட்டியது போல் திணறி நின்றுவிடுகிறது. உடனே செல்ஃப் அடித்தால் பிடிக்காது. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஏழு தடவை நேரம் பார்த்து எழுதி வைத்தேன்: 62, 55, 70, 58, 64, 51, 49 விநாடி.

ஸ்கேனரில் ஏர்பேக் கோளாறு தவிர வேறு கோளாறு எண் (எரர் கோட்) இல்லை. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்று, முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே இன்ஜின் பக்கத்துக் குழாயைக் கழற்றி ஒரு சின்னக் குப்பியில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. அரை டேங்க் இருக்கிறது.

கம்ப்யூட்டர் போர்டில் எதையாவது விட்டுவிட்டேனா? மறுபடி திறக்கவா?

கிரீஸ் கை:

சாவியைக் கொடுத்துவிட்டு வந்தீர்களே, பாதி வண்டியைக் காப்பாற்றியது அதுதான். வெள்ள வண்டிகளில் இன்ஜின் போவது பெரும்பாலும் தண்ணீரால் இல்லை, ‘ஒரு தடவை பார்க்கலாமே’ என்று அடிக்கும் அந்த முதல் செல்ஃபால். தண்ணீர் அமுங்காது. சிலிண்டரில் ஒரு கை நீர் நின்றால் பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வளைந்தாலும் சில வண்டி ஓடும், அதுதான் கொடுமை. சில நாள் ஓடி, அப்புறம் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அதனால் மனத் திருப்திக்கு ஒரு கம்பிரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்ற சோதனை) எடுத்துவிடுங்கள். நல்ல பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரும். எண்ணைவிட முக்கியம் நாலும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருப்பது. ஒன்று மட்டும் தனியாக இறங்கியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

ஆனால் அங்கே கோளாறு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ராடு வளைந்த இன்ஜின் ஐட்லிங்கில் அலுங்காமல் ஓடாது. சைலன்சர் சேறால் அடைத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை. பின்னால் கை வைத்தால் காற்று தாராளமாகத் தள்ள வேண்டும். அடைப்பு என்றால் மிதிக்க மிதிக்கத் திணறும், நீங்கள் சொல்வது போலவே. ஆனால் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் சைலன்சர் தானாகத் திறந்துகொள்ளுமா? அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு உறுத்துகிறது.

மூணு கம்பி:

சார், போர்டை மறுபடி திறக்காதீர்கள். ஒரு நிமிடம் ஒழுங்காக ஓட்டுகிற கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர்.

இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) என்றால் இரண்டு மூன்று விநாடியில் அணையும், டேஷில் சாவி விளக்கு மின்னும். அது இல்லை. இன்னொன்று, சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட். ஏதாவது ஒரு சென்சாருக்குள் தண்ணீர் புகுந்து ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட் மொத்தமாகச் சரிந்து எல்லாச் சென்சாரும் பொய் சொல்லும். ஒவ்வொரு கப்ளராகப் பிடுங்கிக்கொண்டே போனால், எதைப் பிடுங்கும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் திருடன். ஆனால் அப்படி இருந்தால் ஸ்கேனரில் பி0642 மாதிரி கோளாறு எண் விழுந்திருக்கும். உங்களுக்கு விழவில்லை.

என் பந்தயம் கிராங்க் சென்சார், அதாவது இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார். அது போனால் பொறி வராது. சூடானால் சாகும், ஆறினால் பிழைக்கும். பத்து நிமிடக் கணக்கு பொருந்துகிறது பாருங்கள்.

ஊகம் வேண்டாம், அணையும் அந்த நேரத்தில் அளந்துவிடுங்கள். நின்றவுடன் செல்ஃப் அடித்து பிளக்கில் பொறி வருகிறதா? பொறி இல்லை என்றால் நான் ஜெயித்தேன். பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் கப்ளர் இருக்கும், ஓடும்போது அங்கே எத்தனை வோல்ட் வருகிறது, திணறும்போது எவ்வளவு? முடிந்தால் கிளாம்ப் மீட்டரால் (வயரை வெட்டாமல் சுற்றிக் கவ்வி கரன்ட்டை அளப்பது) ஆம்பியரும் பாருங்கள்.

ஆம்ப்காரன்:

இருவருக்கும் நன்றி. நேற்று முழுக்க இதே வேலை.

கம்பிரஷன் 172, 175, 170, 174. மீட்டர் இரவல் வாங்கியது, அதனால் எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், நாலும் ஒன்றாக இருக்கிறது. சைலன்சரில் காற்று நன்றாகத் தள்ளுகிறது, கொஞ்சம் சேற்றுத் தண்ணீரையும் துப்பியது.

பொறி இருக்கிறது. அணைந்த பிறகும் நீலமாகப் பளிச்சென்று வருகிறது. மூணு கம்பி, மன்னிக்கவும்.

பம்ப்பில் ஓடும்போது 13.6 வோல்ட், திணறும்போது 13.5. அசையவே இல்லை. ஆக, வயர், ரிலே, எர்த் எதிலும் குறை இல்லை.

ஆனால் கிளாம்ப் மீட்டரில் ஒரு வேடிக்கை. ஸ்டார்ட் ஆனதும் 5.2 ஆம்பியர். முப்பது விநாடி வரை அப்படியே. அப்புறம் 4.9, 4.5, 4.1 என்று இறங்கி, 3.6க்கு வரும்போது இன்ஜின் நடுங்கி நிற்கிறது. கூடவே பம்ப்பின் சத்தமும் மாறுகிறது. சீட்டைத் தூக்கிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். முதலில் தாழ்ந்த ரீங்காரம், போகப் போகச் சுருதி ஏறி, கடைசியில் கொசு மாதிரி கீச்சென்று. அரை ஸ்தாயியாவது ஏறியிருக்கும்.

வோல்ட் அதே, கரன்ட் குறைகிறது, வேகம் கூடுகிறது. என் தொழிலில் ஒரு மோட்டார் இப்படிச் செய்தால் பெல்ட் அறுந்துவிட்டது என்பேன். டேப் ரெக்கார்டரில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சுமை போய்விட்டது, வெறுமனே சுற்றுகிறது. ஆனால் டேங்கில்தான் பாதி பெட்ரோல் இருக்கிறதே?

நடுராத்திரி ஸ்பானர்:

அண்ணே, பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். பெல்ட் அறுந்த மோட்டார்தான் அது. பம்ப்புக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை. டேங்கில் இருக்கிறது, வாய்க்குள் போகவில்லை.

வெளியே போகும் வழியில், அதாவது ஃபில்டரில் அடைப்பு என்றால் பம்ப் முட்டிக்கொண்டு கரன்ட் ஏறும். உறிஞ்சும் வழியில் அடைப்பு என்றால் வெறும் வயிற்றோடு சுற்றி இறங்கும். பம்ப்பின் அடியில் துணிப் பை மாதிரி ஒரு வலை, ஸ்ட்ரெய்னர் இருக்கும். வண்டல் டேங்குக்குள் போயிருக்கிறது. பம்ப் ஓடும்போது மண் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வலையில் அப்பிக்கொள்கிறது. முழுசாக மூடினால் இன்ஜின் நிற்கிறது. நிறுத்தினால் உறிஞ்சல் இல்லை, மண் தானாக உதிர்ந்து கீழே படிகிறது, அதற்குத்தான் பத்து நிமிடம். ஏழு நேரம் எழுதியிருந்தீர்களே, கடைசி இரண்டும் 50ஐ ஒட்டி வந்துவிட்டன. ஒவ்வொரு தடவையும் வலை கொஞ்சம் கூடுதலாக அடைகிறது என்று நினைக்கிறேன்.

குப்பியில் சுத்தமாக இருந்ததற்குக் காரணம், அது வெள்ளத்துக்கு முன்பே குழாயில் நின்ற பெட்ரோல். நீங்கள் பிடித்தது பழைய சரக்கு.

மண் எப்படிப் போனது என்றால், ஓட்டி வந்து நிறுத்திய வண்டி, டேங்க் வெதுவெதுப்பாக இருந்திருக்கும். குளிர்ந்த வெள்ளம் சூழ்ந்ததும் உள்ளே இருக்கும் ஆவி சுருங்கும், சுருங்கினால் இழுக்கும். காற்றுக் குழாய் வழியாகவோ, டேங்குக்கு மேலே பம்ப்பைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் அது வழியாகவோ சேற்றுத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

திறக்கும் முன் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். திறந்தவெளியில் செய்யுங்கள். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டி, குழாய் அழுத்தத்தை இறக்குங்கள். அப்புறம் பேட்டரியைக் கழற்றுங்கள். உங்கள் டேபிள் லேம்ப்பும் சால்டரிங் அயர்னும் அந்தப் பக்கமே வரக் கூடாது. ஒரு தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில்.

கிரீஸ் கை:

தம்பி சொல்வது சரி. அந்தப் பத்து நிமிடம் இப்போதுதான் எனக்குச் செரித்தது. பெட்ரோலை முழுசாக எடுத்துவிடுங்கள், வலையை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். டேங்கின் மூலைகளைத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

மூணு கம்பி:

பந்தயத்தில் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். கிளாம்ப் மீட்டர் பார்க்கச் சொன்னது நான்தான் என்பதையும் யாராவது குறித்துக்கொள்ளுங்கள்.

ஆம்ப்காரன்:

குறித்துக்கொண்டேன்.

நேற்று காலை வெட்டவெளியில் தள்ளிக்கொண்டு போய்த் திறந்தேன். பம்ப்பைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் கையில் எடுத்ததும் மூன்று துண்டாக உடைந்தது, கண்ணாடி வளையல் மாதிரி. அதன் மேல் பள்ளத்தில் சேறு காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. வழி அதுதான்.

வலையைப் பார்த்ததும் முதலில் ஏமாற்றம். மண் கட்டியாக அப்பியிருக்கும் என்று எதிர்பார்த்தேன், அது வெறும் சாம்பல் நிறத் துணியாகத் தெரிந்தது. விரலால் ஒரு கோடு இழுத்தேன். கோடு வெள்ளையாக வந்தது. சாம்பல் நிறம் துணியுடையது இல்லை, மண்ணுடையது. முகத்துக்குப் போடும் பவுடரைவிட நைசு, விரலில் வழுக்குகிறது. அந்த மெல்லிய படலம்தான் ஒரு இன்ஜினையே நிறுத்தியிருக்கிறது.

பெட்ரோல் 16 லிட்டர் வந்தது. கலங்கல். ஒரு பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தேன். அடியில் அரை விரல் வண்டல். தண்ணீர் தனியாக, டேங்கின் தாழ்ந்த மூலையில் கால் டம்ளர் அளவு கிடந்தது. வண்டி சற்றுச் சரிவில் நின்றதால் பம்ப் பக்கம் வராமல் அங்கேயே தங்கியிருக்கிறது. ஓட்டிக்கொண்டு போய் ஒரு பிரேக் அடித்திருந்தால் நேரே பம்ப்புக்குள் போயிருக்கும்.

டேங்கைப் பஞ்சு பஞ்சாகத் துடைத்தேன். புது வலை, புது ரப்பர் வளையம், வெளி ஃபில்டரும் புதிது, அளவாகப் புதுப் பெட்ரோல். கிளாம்ப் மீட்டரை மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். 5.1. ஒரு நிமிடம், 5.1. மூன்று நிமிடம், 5.1. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். இருபது நிமிடம் கழித்து ரேடியேட்டர் ஃபேன் படபடவென்று சுற்றத் தொடங்கியபோது பயந்தே போனேன். வெள்ளத்துக்குப் பிறகு இன்ஜின் அந்தச் சூட்டுக்கு வந்ததே இல்லை, அதன் சத்தமே மறந்துவிட்டது.

கிரீஸ் கை:

சந்தோஷம். ஆனால் ஓடுகிறது என்பதற்காக ரோட்டில் இறக்கிவிடாதீர்கள். பிரேக் ஆயில் மாற்றுங்கள். சக்கர பேரிங் நாலையும் தூக்கிச் சுற்றிக் காது கொடுங்கள். ஏர்பேக் விளக்கு எரிகிறது என்றீர்களே, அதன் பெட்டி நடுவில் தரையோடு இருக்கும், முழுசாக நனைந்திருக்கும். உங்கள் கை சும்மா இருக்காது என்று தெரியும். அந்தப் பெட்டியைக் கழுவிக் காயவைக்கிற யோசனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஏர்பேக் வயர்களின் மஞ்சள் கப்ளர்களில் ஓம் மீட்டரும் வைக்காதீர்கள், மீட்டர் அனுப்பும் கரன்ட்டில் ஏர்பேக் வெடிக்க வாய்ப்பு உண்டு.

ஆம்ப்காரன்:

திறக்கலாம் என்று ஸ்குரூ டிரைவரை எடுத்து வைத்திருந்தேன். திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். புதுப் பெட்டி வரும்வரை வண்டி வாசலிலேயே நிற்கட்டும். சாவி மறுபடி பக்கத்து வீட்டில்.