'டு' வந்தாலே இன்ஃபினிட்டிவ் தானா?

கேள்வி:
'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ' தவறு, 'மீட்டிங் யூ' என்றுதான் வரவேண்டும் என்கிறார்கள். 'டு'வுக்குப் பிறகு வினையின் மூல வடிவம்தானே வரும்? இன்னொன்று: நீளமான வாக்கியத்தில் இன்ஃபினிட்டிவ் ஃபிரேஸ் ('டு'வும் வினையின் மூல வடிவமும் அதோடு சேர்ந்த சொற்களும்) எதுவரை போகிறது, அது என்ன வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1:
அங்கே இருக்கும் 'டு' வெறும் பிரிபொசிஷன், அதாவது 'இன்', 'ஆன்' போலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சொல். சோதிப்பது எளிது: 'டு'வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்டு டு த ஹாலிடேஸ்' பொருந்துகிறது, அதனால் வினை வந்தால் 'இங்' சேர வேண்டும். 'ஐ ஹோப் டு த ஹாலிடேஸ்' பொருந்தாது. ஆகவே 'ஐ ஹோப் டு மீட் யூ' அசல் இன்ஃபினிட்டிவ். 'அப்ஜெக்ட் டு', 'கமிட்டட் டு' இரண்டும் முதல் வகை.

அதிகம் பேர் தடுக்கி விழுவது 'யூஸ்டு டு'வில். 'ஐ யூஸ்டு டு கெட் அப் ஏர்லி' என்றால் முன்பு அந்தப் பழக்கம் இருந்தது. 'ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் ஏர்லி' என்றால் அது எனக்குப் பழகிவிட்டது. நடுவில் 'ஆம்' நுழைந்ததும் பொருளும் வடிவமும் சேர்ந்தே மாறுகின்றன.

பதில் 2:
ஃபிரேஸின் எல்லையைப் பிடிக்க, 'டு'வை அடுத்த வினையிடமே கேளுங்கள்: எதை, எப்போது, எங்கே? பதிலாக வரும் சொற்கள் எல்லாம் உள்ளே. 'டு ஃபினிஷ் த ரிப்போர்ட் பிஃபோர் ஃபைவ்': எதை முடிக்க? ரிப்போர்ட்டை. எப்போது? ஐந்துக்குள். அதோடு முடிந்தது.

வேலையைச் சொல்வது அது நிற்கும் இடம். 'டு ஃபினிஷ் த ரிப்போர்ட் பிஃபோர் ஃபைவ் வாஸ் ஹர் பிளான்': இங்கே அதுவே எழுவாய், பெயர்ச்சொல் வேலை. 'ஹர் பிளான் டு ஃபினிஷ் த ரிப்போர்ட் பிஃபோர் ஃபைவ் ஃபெயில்டு': எந்தத் திட்டம் என்று சொல்வதால் பெயரடை. 'ஷீ கேம் ஏர்லி டு ஃபினிஷ் த ரிப்போர்ட்': எதற்காக வந்தாள் என்பதால் வினையடை. நோக்கம் சொல்லும் இடத்தில் 'இன் ஆர்டர் டு' போட்டாலும் வாக்கியம் நிற்கும். மற்ற இரண்டிலும் நிற்காது.

பதில் 3:
மேலே சொன்னவை சரி. 'டு' இல்லாத இன்ஃபினிட்டிவையும் சேர்த்துப் படியுங்கள், தமிழ் பேசுபவர்களுக்கு அங்கேதான் சறுக்கல் அதிகம். தமிழில் 'போக முடியும்', 'போக விரும்புகிறேன்', 'போக வைத்தார்' மூன்றிலும் ஒரே 'போக'. ஆங்கிலத்தில் 'கேன் கோ', 'வான்ட் டு கோ', 'மேட் மீ கோ'. 'ஹி மேட் மீ டு கோ' என்று எழுதினால் தவறு. ஆனால் செயப்பாட்டு வினையில் அந்த 'டு' திரும்பி வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு கோ'. 'லெட்'டும் 'மேட்' போலவே, 'டு' வேண்டாம்: 'லெட் மீ கோ'. 'ஹெல்ப்'புக்கு இரண்டும் சரி.

இன்னொன்று: 'திஸ் பாக்ஸ் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட் இட்' என்று எழுதாதீர்கள். தூக்கப்படும் பொருள் எழுவாயாக முன்னாலேயே நிற்கிறது, கடைசி 'இட்'டை எடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
'ஸ்டாப்' இரண்டு விதமாகவும் வருகிறதே?

பதில் 2:
வரும், பொருள் வேறு. 'ஹி ஸ்டாப்டு டு ட்ரிங்க் டீ': டீ குடிப்பதற்காக நின்றார். 'ஹி ஸ்டாப்டு ட்ரிங்கிங் டீ': டீ குடிப்பதையே விட்டுவிட்டார். 'ரிமெம்பர்' அப்படியே: 'ரிமெம்பர் டு லாக் த டோர்' என்றால் இனிமேல் பூட்ட வேண்டும், 'ஐ ரிமெம்பர் லாக்கிங் இட்' என்றால் பூட்டியது நினைவிருக்கிறது.